குதிகால் முறிந்தவரை மலைக்கு விரட்டாதீர்கள்

மழைக்காலத்தில் மலையில் வழுக்கி விழாதவர் நம்மில் யார்? விழுந்ததும் "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், டிஸ்பென்சரியில் இரண்டு வில்லை வாங்கிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போவதும் நமது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் பலரை நிரந்தர நொண்டியாக்கியிருக்கிறது.

உயரத்திலிருந்து நேராகக் காலூன்றி விழுந்தால் முறிவது பெரும்பாலும் குதிகால் எலும்பு. சவுக்கு மரத்தில் கிளை வெட்டுபவர்களுக்கும் ஆழமான கானுக்குள் விழுபவர்களுக்கும் வருவது இதுதான். இப்படி விழுந்தவருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கலாம். ஆகவே முதுகையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கையை ஊன்றி விழும் ஐம்பது வயது கடந்த பெண்களுக்குத் தோளை ஒட்டிய மேல்கை எலும்பு முறிகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு பலம் குறைவதே இதற்குக் காரணம். விழுந்த இடத்தில் நீவக்கூடாது. அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

"ஒப்பரேஷன் செய்யாமல் வார்டில் போட்டே வைத்திருக்கிறார்கள்" என்ற முறைப்பாடு நம்மிடம் அடிக்கடி வருகிறது. குதிகாலைப் பொறுத்தவரை அது அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழும்வரை, ஒன்று இரண்டு வாரம்கூட, வைத்தியர்கள் காத்திருப்பார்கள். வீங்கிய தோலை வெட்டினால் புண் ஆறாது, கிருமி தொற்றும். சீனி வருத்தம் உள்ளவருக்கும் பீடி, சிகரட் குடிப்பவருக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வார்டில் கிடக்கும் நாட்களிலாவது பீடியை நிறுத்தினால் நல்லது.

பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தால்தான் வைத்தியம் என்பதும் இல்லை. பிரித்தானியாவில் குதிகால் முறிந்த 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2014 இலும், தோளருகே எலும்பு முறிந்து விலகிய 250 பேரிடம் நடத்திய ஆய்வு 2015 இலும் வெளியாகின. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, மூட்டு நழுவினாலோ, குதி அடியோடு உருக்குலைந்தாலோ கதை வேறு. அதை எலும்பு வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

ஆனால் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஓய்வு வேண்டும். முறிந்த குதிகாலைப் பல வாரங்கள் நிலத்தில் ஊன்றக்கூடாது. தொட்டிலில் போட்ட கையை வைத்தியர் சொன்ன நாளிலிருந்து மெல்ல மெல்ல அசைத்துப் பழக்காவிட்டால் தோள் இறுகிப்போகும். பிறகு கூடைக்குள் கொழுந்து போடக் கை உயராது. நமது சண்டை இங்கேதான் இருக்கிறது. பேர் விழாத நாளில் சம்பளம் இல்லை என்றால், எந்தத் தாய் லயத்தில் கால் நீட்டிப் படுத்திருப்பாள்? பயிற்சிக் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் பேரும் பஸ் காசும் போகிறதே, அதை யார் தருவது?

இந்திய உதவியுடன் கட்டிய டிக்கோயா வைத்தியசாலை 150 கட்டில்களுடன் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். மேல் டிவிஷனிலிருந்து முறிந்த காலோடு அங்கே போய்ச் சேரும் பாதையைத்தான் இன்னும் காணோம். கொழுந்து ஏற்ற லொறி இருக்கும்போது காயம்பட்டவரை ஏற்ற வாகனம் இல்லை என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் நாம் ஏற்கத் தேவையில்லை.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு தருவது தொழில் கொடுப்பவரின் கடமை. அது துரையின் தயவு அல்ல. முறிவு ஆறிய பிறகும் கால் வளைந்தே நின்றால், கை உயராமல் போனால், அந்த நிரந்தர ஊனத்துக்கும் நட்டஈடு உண்டு. ஆனால் விபத்தைத் தாமதமின்றி அறிவித்திருக்க வேண்டும். "வீட்டில் விழுந்தது" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். எந்த மலையில், எத்தனை மணிக்கு, யார் பார்க்க விழுந்தீர்கள் என்பதை அன்றே எழுதி, எக்ஸ்ரேயோடும் வைத்தியத் துண்டோடும் தோட்டத் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.