பிளஸ் டூவில் பௌதிகம் இல்லையா? பயமும் வேண்டாம், பாசாங்கும் வேண்டாம்

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவர் மகள் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவி. முதல் செமஸ்டரில் இரண்டு தாள் போய்விட்டது. ஒன்று இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், மற்றொன்று அடிப்படை மின்னியல். "படிப்பை விட்டுவிடுகிறேன், பி.காம். சேர்த்துவிடுங்கள் என்று அழுகிறாள் சார். நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அவள் பத்தாவது முடித்த வருடம் அப்பாவுக்கு மாற்றல். ஊர் மாறி நாக்பூர் வந்து சேர்வதற்குள் பள்ளிகளில் சயன்ஸ் இடங்கள் நிரம்பிவிட்டன. கிடைத்தது கணிதம், கம்ப்யூட்டர் சயன்ஸ், காமர்ஸ். பௌதிகம் இல்லை. கல்லூரியில் சேர்க்கும்போது, "பிசிக்ஸ் கொஞ்சம்தான் வரும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பணம் கட்டிக்கொண்டார்கள். வகுப்பு தொடங்கிய பிறகு யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. மாற்றல் உத்தியோகத்தில் இருக்கும் நம்மில் எத்தனையோ வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான்.

பௌதிகம் படிக்காதவர்களுக்குப் பொறியியல் கல்லூரியில் இடமா என்று சிலர் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் விதிகளைத் தளர்த்தியது. பதினான்கு பாடங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அவற்றில் ஏதேனும் மூன்று படித்திருந்தால் போதும் என்றது. குறைபடும் பாடத்துக்குக் கல்லூரிகள் இணைப்புப் பாடம் நடத்த வேண்டும் என்றும் சொன்னது. நாடெங்கும் பெரிய விவாதம் நடந்தது. மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் தத்தம் நிபந்தனைகளை வைத்துக்கொள்ளலாம் என்ற விளக்கமும் வந்தது. எனவே எந்தக் கிளைக்கு எந்தப் பாடம் தேவை என்பதை அந்தந்த வருட விதியைப் படித்துத்தான் அறிய வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் சொன்னதை நம்பக்கூடாது.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பௌதிகம் படிக்காதவன் பொறியியல் பக்கமே போகக்கூடாது என்பது ஒன்று. கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்குப் பௌதிகம் எதற்கு என்பது மற்றொன்று. என் தாழ்மையான கருத்தில் இரண்டுமே தவறு. பள்ளியில் பௌதிகம் படிக்காதது குற்றம் இல்லை. படிக்காததை மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் 1976-இல் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நேரே பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன். பள்ளியில் அறிவியல் பாடத்தின் ஒரு பகுதியாகத்தான் பௌதிகம் படித்தேன். பாலிடெக்னிக்கில் எல்லாம் இங்கிலீஷ். 'மொமென்ட்' என்று ஆசிரியர் சொன்னபோது 'கணநேரம்' என்று அர்த்தம் செய்துகொண்டு விழித்தவன் நான். மனப்பாடம் செய்து டிப்ளமா வாங்கினேன். ரயில்வேயில் பெர்மனன்ட் வே பிரிவில் வேலைக்கு வந்த பிறகுதான் பௌதிகம் எனக்குப் புரிந்தது. தண்டவாளத்தை நகர்த்த நான் கடப்பாரையை நடுவில் பிடித்துத் திணறியபோது, பள்ளிக்கூடம் போகாத கேங்மேன் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சாப், நுனியைப் பிடியுங்கள்" என்றார். பிடித்தேன், நகர்ந்தது. மொமென்ட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு பார்த்த இடமெல்லாம் பௌதிகம்தான். ஒரு கிலோமீட்டர் நீள இரும்புத் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி கூடினால் சுமார் 34 சென்டிமீட்டர் நீள முயலும். நீளவிடாமல் ஸ்லீப்பரும் ஜல்லியும் பிடித்து வைத்திருப்பதால் அத்தனை விசையும் உள்ளேயே தேங்கி நிற்கிறது. பிடி தளர்ந்தால் பாதை பாம்பாக வளைந்துவிடும். நாக்பூர் மே மாத மத்தியானத்தில் பாதையோரம் ரோந்து போவது அதற்காகத்தான். இட்டார்சி பக்கத்து மலைப்பாதையில் வளைவுகளில் வெளித் தண்டவாளம் சற்று உயர்ந்திருப்பதைப் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் உயரம் நான்கு மடங்கு. இது தெரியாமல் பாதையைப் பராமரித்தால் அந்த வண்டியில் வருகிறவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு?

ஆகவே பௌதிகத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் பிளஸ் டூ புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் விழுங்கவும் வேண்டாம். முதலாண்டுக்கு அவசியமானவை என்று நான் கருதுபவை இவை: அலகுகள், திசையன்கள், நியூட்டனின் விதிகள், விசைகளைப் படமாக வரைவது, மொமென்ட், வேலையும் ஆற்றலும், ஓம் விதி, கிர்ச்சாஃப் விதிகள். கணிதம் ஓரளவு தெரிந்த பிள்ளைக்குத் தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மூன்று மாதத்தில் பிடிபடும். கணிதமும் வராது என்றால் மட்டும் நன்றாக யோசிக்கவேண்டும். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. அம்மா தமிழில் வாசிக்க, பிள்ளை ஆங்கிலத்தில் பார்க்கலாம். பௌதிகத்தோடு கொஞ்சம் தமிழும் வரும்!

இன்னொரு வழியும் உண்டு. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். டிப்ளமா என்றால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். டிப்ளமாக்காரன் நாற்பது வருடம் பாதையைக் காத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சுளிக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்துக்கு வரச் சொன்னேன். நோட்டைத் திறக்கவில்லை. புத்தக அலமாரிக் கதவைக் கீல் பக்கம் ஒரு விரலால் தள்ளச் சொன்னேன். அசையவில்லை. கைப்பிடிப் பக்கம் தள்ளச் சொன்னேன். திறந்தது. "இதைத்தான் அங்கிள் போர்டில் அரை மணி நேரம் எழுதினார்களா?" என்று கேட்டாள். "இதையேதான் அம்மா" என்றேன். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. கல்லூரியிலும் தானே போய், "எனக்கு இந்தப் பாடம் பள்ளியில் இல்லை" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள். அவர் மாலையில் அரை மணி ஒதுக்கித் தருகிறாராம். முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு தாள் போயிருக்காது. மறுதேர்வு இனிமேல்தான். முடிவு எப்படியானாலும், பி.காம். பேச்சு இப்போது அந்த வீட்டில் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றலில் பிள்ளையின் பாடம் விட்டுப்போனால் அது பிள்ளையின் தவறு அல்ல. உறவுக்காரர்களிடம் கௌரவத்துக்காக மறைக்காதீர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் நூலகத்தில்தான் இருக்கிறேன். நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும். அலமாரிக் கதவு இருக்கவே இருக்கிறது.