‘மனிதத் தவறு’ என்றால் போதுமா?

தறியில் கை சிக்கினால் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதி விஷயத்தை முடித்துவிடுவது நமக்குப் புதிதல்ல. ஆகாயத்தில் வேலை செய்கிறவனுக்கும் இதே தீர்ப்புத்தான் கிடைக்கிறது!

2021 டிசம்பர் 8. காலை 11.48க்குச் சூலூரிலிருந்து கிளம்பிய விமானப்படை எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூரை அடுத்த காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 13 பேர் அன்றே மாண்டனர். தப்பிய ஒருவரும் டிசம்பர் 15ல் இறந்தார். குடத்தில் தண்ணீரும் கையில் கம்பளியுமாக முதலில் ஓடியவர்கள் அவ்வூர் ஏழை ஜனங்களே.

இயந்திரக் கோளாறில்லை, சதியில்லை, அலட்சியமுமில்லை என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழு கூறியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது. மேகத்துக்குள் நுழைந்த விமானி திசை நிலை தடுமாறினார். நல்ல நிலையிலிருந்த விமானம் தரையில் மோதியது என்பதே அதன் முடிவு.

தடுமாற்றம் என்றால் என்ன? நம் காதுக்குள் இருக்கும் நீர்தான் உடம்பின் ரசமட்டம். கண்ணுக்குத் தொடுவானம் தெரியாதபோது அது பொய் சொல்லும். ஆடித்தபசு ராட்டினத்தில் சுற்றி இறங்கியவன் நின்ற இடத்திலேயே சுழல்வதுபோல் உணர்வதில்லையா? உயரத்தில் பறப்பவன் இந்தத் தடுமாற்றத்திலிருந்து மீள அவகாசமுண்டு. மலையை ஒட்டித் தாழப் பறப்பவனுக்கு ஏது? மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமென்றால் நொடிக்கு 55 மீட்டர். அரை பர்லாங் தூரத்தில் மலை நின்றால், இரண்டே நொடி! இது எந்தக் கைதேர்ந்தவனுக்கும் நேரக்கூடியது.

ஆனால் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கையில் விபத்தின் காரணம் என்ன? “மனிதத் தவறு (விமானக் குழு)”. இரண்டே சொல்! மேகமும் போயிற்று, பள்ளத்தாக்கும் போயிற்று. மிஞ்சியது செத்தவன் தலையில் பழி.

அந்த வழியையும் நேரத்தையும் தீர்மானித்தது யார்? மலை வானிலை மாறுவதை விமானிக்கு உடனே சொல்ல என்ன ஏற்பாடு இருந்தது? மேகம் கண்டால் திரும்பிவிட அவனுக்குத் தயக்கமில்லாத உரிமை இருந்ததா? இவற்றுக்கு விடை வந்தால்தான் அடுத்த விமானி பிழைப்பான்.

தோழர்களே! மில்லானாலும் வயலானாலும் “கவனக்குறைவு” என்று எவராவது சொன்னால், “சரி, அப்புறம்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்!