படலையும் பூட்டும்

வீட்டுக்குப் படலை அமைப்பது வேண்டாதவரைத் தடுப்பதற்கு மட்டுமன்று. வரவேண்டியவரை உள்ளே விடுவதற்குமாகும். இவ்வுண்மையை ஒரு கணினியிடமிருந்து நானும் என் தமக்கையின் மகனும் கற்றுக்கொண்ட கதையை இவ்வாரம் கூறுகின்றேன். மாணவ நேயர்களுக்கு இது பயன்படும்.

எங்கள் ஊர் வாசிகசாலையின் பழைய நிழற்படங்களைத் திரட்டி, அவன் ஓர் இணையத்தளம் அமைத்தான். படங்களில் உள்ளோர் யாவர் என்பதை ஊர்ப் பெரியவர்கள் கூற, அவற்றையும் குறிப்புகளாக எழுதிச் சேர்த்தான். வாடகைக்குப் பெற்ற லினக்ஸ் சேவையகத்தில் யாவற்றையும் ஏற்றியாயிற்று. திறப்பு விழாவுக்கு முதல்நாள் இரவு பார்த்தால், 403 என்னும் எண்ணும், அனுமதி மறுக்கப்பட்டது என்னும் வாசகமுமே திரையில் தோன்றின.

“மாமா, கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, ஆயினும் காட்ட மறுக்கின்றதே!” என்று அவன் கலங்கினான். நண்பன் ஒருவன் தொலைபேசியில் வழி கூறினான்: “எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடு.” அவ்வாறே செய்தான், தளம் திறந்தது. விழாவும் இனிதே நிறைவேறியது.

அந்த 777 யாது? லினக்ஸ் 1991 இல் தோன்றியது. ஆயினும் அதன் அனுமதி முறை, 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ் முறையினின்றும் வந்தது. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர் வகுக்கப்பட்டனர். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றின் கூட்டுத்தொகையே ஒவ்வோர் இலக்கமும். எனவே 777 என்றால், எவரும் எதையும் செய்யலாம் என்பது பொருள்.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு காலை, படங்கள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரங்கள் நின்றன. படம் அனுப்புவதற்கென அமைத்த படிவத்தின் குறையொன்றைப் பயன்படுத்தி, அந்நியன் ஒருவன் நுழைந்துவிட்டான். நுழைந்த வழி சிறிது. ஆனால் எங்கும் எழுதும் உரிமை இருந்தமையால் எல்லாவற்றையும் அழித்தெழுதினான். படங்களின் மூலப்பிரதிகள் வீட்டில் இருந்தன. குறிப்புகளுக்குப் பிரதி இல்லை. அவற்றை மீண்டும் சொல்லித்தர அப்பெரியவர்களுள் எல்லோரும் இன்று இல்லை.

புதிய சேவையகத்தில் மீண்டும் தொடங்கினோம். மீண்டும் 403. இம்முறை முதலில் சேவையகத்தின் பிழைப் பதிவேட்டை வாசித்தோம். பின்னர் ‘நேம்-ஐ’ என்னும் கட்டளையால், கோப்புக்குச் செல்லும் பாதையிலுள்ள ஒவ்வொரு கோப்புறையின் அனுமதியையும் வரிசையாக நோக்கினோம். காரணம் வெளிப்பட்டது. தளம் அவனுடைய இல்லக் கோப்புறைக்குள் இருந்தது. உபுந்துவின் 21.04 பதிப்பு 2021 இல் வெளிவந்தது முதல், புதிதாக அமையும் இல்லக் கோப்புறை 750 என்னும் அனுமதியையே பெறுகின்றது. ஏனையோர் அதனூடே செல்ல இயலாது. சேவையக நிரலோ வேறொரு பெயரில் இயங்குவது. படலை பூட்டியிருக்க, அறைக்கதவு திறந்திருந்தென்ன பயன்?

கோப்புறைக்கு ‘இயக்கும்’ உரிமை என்பது அதனூடே கடந்து செல்லும் உரிமையாகும். பாதையில் ஒன்றுக்கு அது இல்லையெனினும் 403 வரும்.

ஆகவே தளத்தை இணையப் பக்கங்களுக்கென வழங்கும் பொதுக் கோப்புறைக்கு மாற்றினோம். ‘சிஎச்மொட்’ கட்டளையால் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 இட்டோம். கடவுச்சொல் அடங்கிய கோப்புக்கு 640 இட்டு, சேவையக நிரலின் குழுவையே அதன் குழுவாக்கினோம். படங்கள் வந்து சேரும் ஒரு கோப்புறையில் மட்டும் அக்குழுவுக்கு எழுதும் உரிமை அளித்து, அங்கே எந்த நிரலும் இயங்காதபடி தடுத்தோம். படிவத்தின் குறையையும் திருத்தினோம்.

இவ்வளவும் அரைமணி வேலை. அந்த அரைமணியை அன்றிரவே செலவிட்டிருந்தால், அப்பெரியவர்கள் சொன்ன பெயர்கள் இன்று நம்மிடம் இருந்திருக்கும்.

மாணவர்களே, கணினி மறுக்கும்போது யாரை, எவ்விடத்தில் மறுக்கின்றது என்று முதலில் வினவுங்கள். வேண்டிய கதவை மட்டும் வேண்டிய அளவு திறவுங்கள். பிரதியொன்றை வேறிடத்தில் வைக்க மறவாதீர்கள்.