மூன்று டன்தானே, விட்டால் என்ன?

மாணவர்களே, சாலையில் போகும் லோரியின் கதவைக் கவனித்திருக்கிறீர்களா? வெறும் வண்டியின் எடை, சரக்கோடு இருக்கக்கூடிய எடை என இரண்டு எண்கள் எழுதியிருக்கும். பலருக்கு அது வெறும் சட்டச் சடங்கு. "பொறியாளர்கள் எப்படியும் கொஞ்சம் கூட்டித்தானே கட்டியிருப்பார்கள்? இரண்டு மூன்று டன் கூடினால் பாலம் விழுந்துவிடுமா?" என்பார்கள். இங்கிலாந்தின் ஒரு பழைய இரயில் பாலத்தை வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் நடுவே ஓடும் தாமார் ஆற்றின் மேல் பொறியாளர் புருனெல் கட்டிய ராயல் ஆல்பர்ட் பாலம், 1859 மே மாதம் திறக்கப்பட்டது. தேனிரும்பாலான இரண்டு பெரிய குழாய்கள் வில்லாக வளைந்து நிற்க, தண்டவாளத் தளம் கீழே தொங்குகிறது. அந்த இரண்டு கண்களும் தலா 139 மீட்டர் நீளம். அன்று அந்தப் பக்கம் ஓடிய எஞ்சின்களின் எடை 40 டன் அளவில்தான் இருந்தது.

1927இல் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே 'கிங்' வகை நீராவி எஞ்சினைக் கொண்டுவந்தது. எடை 89 டன். லண்டனிலிருந்து பிளிமத் வரை அது ராஜாவாகவே வரும். பாலம் அதற்குச் சற்று அப்பால். ஆனால், பிளிமத்திலேயே கிங்கைக் கழற்றிவிட்டு எடை குறைந்த வேறு எஞ்சினைப் பூட்டினார்கள். நீராவிக் காலத்தில் கிங் அந்தப் பாலத்தைத் தாண்ட அனுமதி இல்லை.

இங்கே மொத்த எடையை மட்டும் பார்த்தால் போதாது. கிங்கின் மூன்று இயக்கு அச்சுகளில் ஒவ்வொன்றும் 22.5 டன்னைத் தாங்கியது. சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டுமானால் அதன் மேல் கனம் வேண்டும். இழுவிசை வேண்டுமென்றால் அச்சு எடையும் கூடத்தான் செய்யும். தளத்தைத் தாங்கும் சிறிய குறுக்கு உத்தரத்துக்கோ எஞ்சின் முழுவதும் ஒரே நேரத்தில் தெரியாது. தன் மேல் வந்து நிற்கும் அச்சுதான் அதற்குச் சுமை. பாலத்தின் பலம், அதிலுள்ள மிகவும் பலவீனமான உறுப்பின் பலம்தான்.

இன்னொன்றும் உண்டு. பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும் அதிர்வைச் சமன் செய்யச் சக்கரத்தில் எதிரெடை வைப்பார்கள். சக்கரம் சுழலும்போது அந்த எதிரெடை ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைக் குத்தும். இதைச் 'சம்மட்டி அடி' என்கிறார்கள். வட்ட இயக்கத்தில் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அடி கால்பங்காகும். பழைய பாலங்களில் இரயில் ஊர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். நியாயமாகச் சொல்வதென்றால், கிங்குக்கு நான்கு சிலிண்டர்கள்; அவை ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் அதன் அடி மென்மையானது. இருந்தும் அதன் அசையா எடை ஒன்றே தடைக்குப் போதுமானதாக இருந்தது.

கிங்கின் தம்பியான 'காசல்' வகை எஞ்சின்கள் கார்ன்வாலுக்குள் போய்வந்தன. அவற்றின் அச்சு எடை ஏறத்தாழ 20 டன். வித்தியாசம் 3 டன்கூட இல்லை! "இதற்காகவா ஓர் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நேர நஷ்டம், ஆள் செலவு, நிலையத்தில் கூடுதல் வேலை எல்லாம் உண்மைதான். ஒரு கிங் ஒருமுறை கடந்திருந்தால் பாலம் விழுந்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. ஆனால் ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் எப்படி முறிகிறதோ, அப்படியே இரும்பும் சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிறிது களைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒரு தறையாணித் துளையின் ஓரத்தில் தொடங்கும். பொறியாளர் 'கூட்டிக் கட்டிய' பலம் அந்த விரிசலுக்காகவும் துருவுக்காகவும் புயற்காற்றுக்காகவும் ஒதுக்கப்பட்டது. நம் அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கும் சேமிப்பு அல்ல அது.

எனக்கு ஒரு குறை உண்டு. இடிந்த பாலங்களைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். இடியாதவற்றைப் பற்றி யாரும் பாடம் எழுதுவதில்லை. எடைப் பலகைகளும் எண்ணை மட்டும் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் தெரியாத எண்ணை மீறுவது எளிது.

கிங் எஞ்சின்கள் 1960களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றுவிட்டன. புருனெலின் பாலத்தை இடையிடையே பழுதுபார்த்தும் பலப்படுத்தியும் வந்திருக்கிறார்கள். அதன் ஒற்றைத் தண்டவாளத்தில் பயணிகள் இரயில் இன்றும் மெதுவாகக் கடந்து போகிறது.