வளைகுடாவின் ஆர்வமும் இலங்கையின் வாக்குச்சாவடியும்

இலங்கையில் 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3.16 சதவீத வாக்குகளையே பெற்றிருந்த அனுர குமார திசாநாயக்க, 2024 செப்டம்பர் 21ஆம் தேதி நடந்த தேர்தலில் 42.31 சதவீதம் பெற்று, விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னர் வெற்றி பெற்றார். இணையம் வழியே திரண்ட இளைஞர்களின் ஆதரவு இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

துபாயிலும் தோஹாவிலும் பணிபுரியும் இலங்கையர்களையும் அந்தப் பிரசாரம் எட்டியது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க அத்தேர்தலில் சட்டம் இடமளிக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களும் ஊர் திரும்பியே வாக்களிக்க வேண்டியிருந்தது. விடுப்பும் பயணச்சீட்டும் கிடைக்காத தொழிலாளிக்கு அது இயலாத காரியம்.

ஆர்வம் எங்கும் ஒரே அளவில் இருக்கவுமில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் பெற்றது சுமார் 7 சதவீதம்தான்.

வெளிநாடுகளில் பணிபுரியும் இலங்கையர்கள் 2024இல் நாட்டுக்கு அனுப்பிய தொகை 650 கோடி டாலருக்கும் அதிகம். அவர்களுடைய வாக்குரிமை குறித்து முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றமே.