தேரிக்காட்டில் துளை போட்டால் நோட்டீஸ் யாருக்கு? "தரிசு" என்ற ஒரு வார்த்தையில் சிக்கும் பனையேறிகள்

எட்டயபுரம்:

எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மானாவாரிக் காட்டில் துளை போடும் லாரி ஒண்ணு வந்து நின்னா போதும். சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பேச்சு கிளம்பி விடும். "கீழ என்னமோ இருக்காம்லா... யுரேனியம் தேடுறாங்களாம்" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். அடுத்தவர், "அப்ப நிலத்தை எல்லாம் எடுத்துருவானுவ" என்பார்.

பெரும்பாலும் அது தண்ணீருக்கு போர்வெல் போட வந்த லாரியாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் காற்றாலைக்கோ, சோலார் பேனலுக்கோ மண் பரிசோதனை செய்ய வந்திருக்கும். பயப்பட ஒண்ணும் இல்லை.

ஆனால் டீக்கடையில் கேட்கிற கேள்வி சும்மா தள்ளி விடக் கூடியது இல்லை. நிலத்துக்கு அடியில் அணு கனிமம் இருக்கா என்று அரசு பார்க்க வந்தால், மேலே பிழைக்கிறவனிடம் யாராவது கேட்பார்களா? இந்தக் கேள்விக்கான பதில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் கிடக்கிறது.

செம்மண் பாலைவனம்

தூத்துக்குடி, திருச்செந்தூர் தாண்டி உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போனால் தேரிக்காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மணல் மேடு. ஆடி மாசக் காத்து அடித்தால் நேத்து இருந்த மேடு இன்னைக்கு இடம் மாறி இருக்கும். தமிழ்நாட்டில் பாலைவனம் என்று சொல்லத் தகுந்த இடம் இதுதான்.

இந்த மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் எல்லாம் கலந்து கிடக்கிறது. கூடவே மோனசைட்டும் உண்டு. மோனசைட்டில் இருப்பது முக்கியமாக தோரியம். யுரேனியமும் இருக்கும், ஆனால் அரை சதவீதத்துக்கும் கீழேதான்.

இதை எல்லாம் தேடி கணக்கு எடுப்பது மத்திய அரசின் அணு கனிம இயக்ககம். 1949-ல் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் ஐதராபாத். அணுசக்தி துறையின் கீழ் வருகிறது. சாத்தான்குளம் தேரி, குதிரைமொழி தேரி இரண்டுமே இவர்களின் கனிமக் கணக்கில் ஏறிய இடங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 24 லட்சம் டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அரசு கணக்கு சொல்கிறது.

துளை போடுவது எப்படி?

முதலில் வானத்தில் இருந்தும், அப்புறம் தரையில் கருவியோடு நடந்தும் கதிர்வீச்சு எங்கே கூடுதலாக இருக்கிறது என்று அளப்பார்கள். சந்தேகம் வந்த இடத்தில் ஒண்ணுக்கொண்ணு தூரமாக சில துளை போடுவார்கள். கிடைத்தால் நடுவில் இன்னும் சில துளை. அப்படியே கட்டம் கட்டமாக நெருங்கி வரும். கடைசியில்தான் "இத்தனை டன் இருக்கு" என்று கணக்கு முடியும்.

மணல் என்றால் சில மீட்டர் ஆழம் போதும். பாறைக்குள் யுரேனியம் தேடுவது என்றால் நூற்றுக்கணக்கான மீட்டர் போக வேண்டும்.

துளை போட்டதால் மட்டும் ஊர் அழிந்து விடாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். லாரி போக பாதை வெட்டுவார்கள், துளையிட தண்ணீர் இழுப்பார்கள். ஆழமாகப் போட்ட துளையை சரியாக அடைக்காமல் விட்டால் மேல் ஊற்றும் கீழ் ஊற்றும் கலந்து, நல்ல தண்ணீர் கெட வாய்ப்பு உண்டு. ஆனால் விவகாரம் துளையோடு முடிவதில்லை. துளையில் கணக்கு சரியாக வந்தால் அடுத்தது சுரங்கம்.

1962 சட்டத்தில் இருந்த 28 நாள்

1962-ம் ஆண்டு அணுசக்தி சட்டத்தின் 9-வது பிரிவு பலருக்கும் தெரியாது. அணு கனிமம் தேடுவதற்காக ஒருத்தர் நிலத்தில் மத்திய அரசு இறங்கி வேலை செய்யலாம் என்று அது சொன்னது.

ஆனால் அதற்கு முன்னால் நில உரிமையாளர், குத்தகைதாரர், அனுபவிப்பவர் எல்லாருக்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. என்ன வேலை, எவ்வளவு இடம் என்று அதில் இருக்க வேண்டியிருந்தது. ஆட்சேபம் சொல்ல குறைந்தது 28 நாள் அவகாசம் தர வேண்டியிருந்தது.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. பட்டா வைத்திருப்பவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அரசு நிலத்துக்கு யார் வீட்டு வாசலுக்கு வரும்?

கிராம கணக்கில் "தீர்வை ஏற்படாத தரிசு" என்று ஒரு வரி இருந்தால், அந்த இடத்துக்கு சொந்தக்காரர் அரசு. அரசு நிலத்தில் அரசு துளை போட, அங்கே தினமும் பனை ஏறுகிறவரிடம் கேட்கும் பழக்கம் எந்த ஆபீசிலும் இல்லை.

தரிசா இது?

தேரியில் மழை பெய்தால் தண்ணீர் ஓடாது. மணல் அப்படியே குடித்து விடும். குடித்த தண்ணீர் அடியில் தங்கி நிற்கும். அதனால்தான் சுத்தி எல்லாம் காய்ந்து கிடந்தாலும், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் பக்கம் சுனை இருக்கிறது. கடலோரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாமல் எதிர்த்து நிற்பதும் இந்த நல்ல தண்ணீர்தான்.

தேரியையும் அதன் ஓரத்தையும் நம்பித்தான் பனங்காடு. பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி, ஓலை முடைந்து பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆடு மேய்ப்பவர்களுக்கும் இதுதான் இடம். ஓரங்களில் முருங்கை, முந்திரி.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலில் கார்த்திகை கடைசியில் கள்ளர் வெட்டு திருவிழா நடக்கும். வருகிற பக்தர்கள் தேரி மண்ணை எடுத்துப் போய் வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள். அவர்களுக்கு புனித மண். அரசு கணக்கில் தரிசு.

2007-ல் நடந்தது என்ன?

இதை ஏற்கனவே ஒரு தடவை தேரிக்காடு பார்த்து விட்டது. 2007 ஜூன் மாதம் டாடா ஸ்டீல் நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. சாத்தான்குளம் பக்கம் மணலில் இருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கும் ஆலை. மதிப்பு ரூ.2,500 கோடி. தேவைப்பட்ட நிலம் சுமார் 10 ஆயிரம் ஏக்கர்.

வேலை கிடைக்கும் என்று ஒரு தரப்பு சொன்னது. மண்ணும் தண்ணீரும் போய் விடும் என்று இன்னொரு தரப்பு சொன்னது. அரசியல் கட்சிகளும் களத்தில் குதித்தன. அடுத்த ரெண்டே மாதத்தில், ஆகஸ்டில் திட்டத்தை அன்றைய முதல்வர் கருணாநிதி நிறுத்தி வைத்தார்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒப்பந்தம் வந்தபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. மணலில் எத்தனை சதவீதம் என்ன இருக்கிறது என்ற கணக்கு அதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே தயார். அளந்த காலத்தில் ஊரில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ராஜஸ்தானும் நைஜரும்

பாலைவனம் என்றால் யாரும் இல்லாத இடம் என்ற நினைப்பு எல்லா நாட்டிலும் இருக்கிறது. பாலைவன மாநிலமான ராஜஸ்தானில், சீகர் மாவட்டம் ரோகில் பகுதியில் அணு கனிம இயக்ககம் துளை போட்டு யுரேனியம் கண்டுபிடித்தது. 2022-ல் சுமார் 1,086 ஹெக்டேரில் சுரங்கம் அமைக்க இந்திய யுரேனியம் கழகத்துக்கு மாநில அரசு சம்மதக் கடிதம் கொடுத்தது. துளை போடுவது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இது உதாரணம்.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் சகாரா பாலைவனத்தில் பிரான்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகள் யுரேனியம் எடுத்தது. அங்கே அகூட்டா சுரங்கம் 2021 மார்ச்சில் மூடப்பட்டது. யுரேனியம் போய் விட்டது. சுமார் 2 கோடி டன் கதிர்வீச்சுக் கழிவு அங்கேயே கிடக்கிறது.

கழிவு ஏன் இவ்வளவு? இந்தியாவில் கிடைக்கும் தாதுவில் யுரேனியம் ரொம்ப குறைவு. ஆந்திராவின் தும்மலப்பள்ளியில் ஒரு டன் கல்லை அரைத்தால் அரை கிலோ கூட தேறாது. மிச்சம் முழுக்க கழிவுக் குட்டைக்குத்தான். கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் தாதுவில் 10 சதவீதத்துக்கு மேல் யுரேனியம் இருக்கும். அதோடு இதை ஒப்பிட முடியாது.

தடுத்தவர்கள் எப்போது தடுத்தார்கள்?

தெலுங்கானாவின் நல்லமலை காட்டில் 83 சதுர கிலோமீட்டரில் 4 ஆயிரம் துளை போட திட்டம் வந்தது. 2019 மே மாதம் மத்திய அரசின் வன ஆலோசனைக் குழு கொள்கை அளவில் தலையாட்டியது. செஞ்சு பழங்குடியினர் எதிர்த்தார்கள், சினிமாக்காரர்களும் கூட சேர்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி சட்டசபையில் ஒருமனதாக தீர்மானம் போட்டார்கள். துளை போடும் கட்டத்திலேயே எழுந்த எதிர்ப்பு அது.

மதுரை மேலூர் பக்கம் கதை வேறு. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் இருக்கு என்று முன்னாலேயே ஆய்வு முடிந்து, 2024 நவம்பரில் ஏலமே விட்டு விட்டார்கள். அப்புறம்தான் ஊர் கிளம்பியது. கிராம சபை தீர்மானம், சட்டசபை தீர்மானம், மதுரையை நோக்கி பேரணி என்று போராடி, 2025 ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்தானது. ஜெயித்தார்கள். ஆனால் விளிம்பு வரை போய் திரும்பினார்கள்.

அங்கே பட்டா விவசாயிகள் இருந்தார்கள், கிராம சபை இருந்தது. தேரியில் பனை ஏறுகிறவருக்கு என்ன இருக்கிறது?

மூடிய கதவு

சாதாரணமாக சுரங்கம் என்றால் மக்கள் கருத்துக் கேட்பு கூட்டம் நடக்கும். கலெக்டர் தரப்பில் மேடை போடுவார்கள், ஊர்க்காரர் மைக் பிடித்து பேசலாம். கனிமம் தேடும் கட்டத்துக்கு இந்தக் கூட்டம் கிடையாது.

2025 செப்டம்பர் 8-ந் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. அணு கனிமம், முக்கிய கனிமம் எடுக்கும் சுரங்கங்களுக்கு கருத்துக் கேட்பு தேவையில்லை என்பதே அதன் சாரம். நாட்டின் பாதுகாப்பு, கனிமத் தேவை என்று காரணம் சொன்னது. அதை திரும்பப் பெறச் சொல்லி அந்த மாதமே அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் பிரதமருக்கு கடிதம் எழுதினார்.

ஆக, துளை போடும்போதும் கேட்க மாட்டார்கள், தோண்டும்போதும் கேட்க மாட்டார்கள் என்றால், மிச்சம் இருந்தது 1962 சட்டத்தின் அந்த 28 நாள் நோட்டீஸ்தான். அதுவும் காகிதத்தில் பெயர் இருப்பவருக்கு மட்டும்.

மறுபக்கமும் உண்டு

கனிமமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. இதே கடலோரத்தில் கூடங்குளம் ஓடுகிறது. அதற்கு எரிபொருள் ரஷ்யாவில் இருந்து வருகிறது. வெளிநாட்டை நம்பி இருக்க வேண்டாம், உள்நாட்டிலேயே தேடுவோம் என்று அரசு சொல்வதில் நியாயம் இருக்கிறது. செல்போன், மின்சார பைக் என்று எல்லாத்துக்கும் அரிய கனிமம் வேண்டியிருக்கிறது. வேலை இல்லாத இளைஞர்களுக்கு நாலு வேலை கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் இந்த மாவட்டம் 2018 மே 22-ந் தேதியை மறக்கவில்லை. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மீது நடந்த துப்பாக்கி சூட்டில் 13 பேர் பலியானார்கள். ஆரம்பத்திலேயே ஊரை உட்கார வைத்து பேசாவிட்டால் கடைசியில் எங்கே போய் முடியும் என்பதற்கு தூத்துக்குடிக்கு வேறு பாடம் தேவையில்லை.

எட்டயபுரத்துக்கு என்ன?

எட்டயபுரம் கரிசல் பூமி. தேரி இல்லை. ஆனால் கணக்கில் தரிசு என்று எழுதிய நிலம் இங்கேயும் ஏராளம். அதில் ஆடு மேய்க்கிறார்கள், சீமைக் கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுகிறார்கள், வாய்மொழி குத்தகைக்கு உளுந்தும் கம்பும் போடுகிறார்கள். இவர்கள் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. நாளைக்கு வருவது யுரேனியமோ, வேறு எதுவோ, கேள்வி ஒண்ணுதான்.

செய்ய வேண்டியதும் பெரிய வேலை இல்லை. அரசு புறம்போக்கில் பனை அனுபவிக்கிறவர்கள் 2-சி மரப்பட்டாவுக்கு மனு கொடுக்கலாம். வாங்கி வைத்தால் பெயர் காகிதத்தில் ஏறும். வாய்மொழி குத்தகைக்காரர்கள் அடங்கலில் தங்கள் சாகுபடி ஏறுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்க வேண்டும்.

துளை போடும் லாரி வந்தால், எந்த துறை, எந்த உத்தரவு, எத்தனை துளை, வேலை முடிந்ததும் எப்படி அடைப்பீர்கள் என்று கேட்கலாம். கேட்டு பதில் வராவிட்டால் 10 ரூபாயில் தகவல் உரிமை மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம்.

சுற்று வட்டார ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. எட்டயபுரம் பேரூராட்சி என்பதால் கிராம சபை கிடையாது. ஆனால் கவுன்சிலர் மூலம் கூட்டத்தில் எழுப்பலாம்.

இந்த மேய்ச்சல் காட்டையும், பனங்காட்டையும் நம்பி இத்தனை குடும்பம் இருக்கு என்று கிராம சபையில் இப்பவே ஒரு தீர்மானம் எழுதி வைத்தால், "அங்கே யாரும் இல்லை" என்று பின்னால் ஒருத்தரும் சொல்ல முடியாது. லாரி வந்து நின்ற பிறகு டீக்கடையில் பேசி என்ன பிரயோஜனம்?