லயத்துக்கு ஒரு கருவிப் பெட்டி



நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் 2011இல் ஓடத் தொடங்கியது. இன்று அங்கே தலா 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகளும் சுற்றுகின்றன. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு நமது புத்தளம் கரையிலிருந்துதான் போகிறது. அதே கரையின் தென்னந்தோட்ட லயங்களில் ஒரு பிளக் பேஸ் கருகிவிட்டால் அது மாதக்கணக்கில் கருகியபடியே கிடக்கிறது. நாம் அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுக்கிறோம்.

இந்த இதழில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். ஒவ்வொரு லயமும் பொதுவில் ஒரு மின் கருவிப் பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டியில் ஒரு கொப்பியும் இருக்க வேண்டும். பெட்டி நம் உயிருக்கு. கொப்பி நம் உரிமைக்கு.

"நாமே திருத்திக்கொண்டால் நிர்வாகம் கையைக் கழுவிவிடாதா?" என்று சில கிளைத் தலைவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பீலி ஒழுகினால் நாமே கட்டு, கூரைத் தகடு பறந்தால் நாமே கல் வை என்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாம். ஆகவே எது யாருடைய வேலை என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

கம்பத்திலிருந்து மானி வரை மின்சார சபையின் பொறுப்பு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மானியின் முத்திரையை உடைப்பது குற்றம். கம்பி அறுந்து விழுந்தாலோ மானிப் பெட்டி தீய்ந்தாலோ 1987 என்ற இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மானிக்கு இந்தப் பக்கம் உள்ள மெயின் சுவிட்ச், டிரிப் சுவிட்ச், சுவருக்குள் ஓடும் வயரிங், எர்த் கம்பி ஆகியவை தோட்ட வீட்டின் பகுதி. பில் நம் பெயரில் வரலாம். சுவர் நம் பெயரில் இல்லை. வீடு தோட்டத்தினது என்றால் அதன் வயரிங்கைப் பாதுகாப்பாக வைத்திருப்பதும் தோட்டத்தின் கடமை என்பதே நமது நிலைப்பாடு. அந்த வேலையைத் தகுதிபெற்ற வயரிங் பாஸ் ஒருவரைக் கொண்டு நிர்வாகம் செய்து தர வேண்டும்.

பிளக்கைக் கழற்றிக் கையில் எடுக்கக்கூடியவைதான் நம்முடைய பங்கு. அயன், கேத்தல், ரைஸ் குக்கர், ஃபேன், மேசை விளக்கு, எக்ஸ்டென்ஷன் வயர் போன்றவை. பெட்டி இவற்றுக்குத்தான்.

பழுது யாருடைய பக்கம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. டிரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் வீட்டிலுள்ள எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். லைட் சுவிட்சுகளையும் அணையுங்கள். பிறகு டிரிப் சுவிட்சை உயர்த்துங்கள். அது நின்றுவிட்டால் பொருட்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் பழுது. அதை ஒதுக்கி வையுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் விழுந்தால் பழுது சுவருக்குள் இருக்கிறது. அது நிர்வாகத்தின் கணக்கு. அன்றைய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். அடிக்கடி விழுகிறது என்பதற்காக டிரிப் சுவிட்சைக் கட்டி வைப்பதும், அதை விலக்கி நேராக வயர் கொடுப்பதும் தற்கொலைக்குச் சமம். அது விழுவது நம்மைக் காப்பாற்றுவதற்காக.

நமது கரைக்கென்று சில பகைகளும் உண்டு. உப்புக் காற்று செம்புக் கம்பியைப் பச்சை பூக்க வைக்கிறது. பூத்த இடத்தில் தொடுப்பு தளர்கிறது. தளர்ந்த இடம் சூடேறுகிறது. அதனால்தான் உடப்பு, முந்தல், கற்பிட்டிப் பக்கத்து வீடுகளில் பிளக் பேஸ் சீக்கிரம் மஞ்சளாகி உருகுகிறது. கிடுகு வேய்ந்த குசினிக்குள் இழுத்த வயரில் ஒரு பொறி விழுந்தால் போதும், தண்ணீர் வாளியைத் தேடுவதற்குள் கூரை போய்விடும். வெள்ளமும் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நமது மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது என்பதை நாம் மறக்கவில்லை. தண்ணீர் ஏறிய பிளக் பேஸ் வெளியே காய்ந்ததுபோலத் தெரியும். உள்ளே சேறு இருக்கும். அப்படியான வீட்டின் வயரிங்கைப் பாஸ் வந்து பார்க்கும் வரை மெயின் சுவிட்சைப் போடக் கூடாது.

இனிப் பெட்டிக்கு வருவோம். கடையில் அடுக்கி வைத்திருக்கும் நூறு துண்டு கொண்ட பளபளப்பான செட் நமக்கு வேண்டாம். அதில் பாதியை நாம் தொடவே மாட்டோம். குறைவாக வாங்குவோம், நல்லதாக வாங்குவோம்.

முதலில் ஒரு டெஸ்டர். விலை குறைந்த பொருள்தான், ஆனால் அதை முழுவதும் நம்பக் கூடாது. காய்ந்த பலகையில் செருப்புப் போட்டு நின்றால் கரண்ட் இருந்தும் அது மங்கலாக எரியலாம். வெயிலில் எரிவது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப் போகும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடி தெரிந்த இடத்தில் வைத்து டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வயரைத் தொடாதீர்கள். மெயினை அணைத்ததை நம்புங்கள்.

அடுத்தது ஸ்குரூ டிரைவர் இரண்டு: தட்டை முனை ஒன்று, நட்சத்திர முனை ஒன்று. பிறகு ஒரு குறடு, ஒரு வயர் வெட்டி. குறட்டின் பிடி சிவப்பாக இருந்தால் மட்டும் அது மின்சாரத்துக்கான குறடு ஆகாது. பிடியில் 1000 வோல்ட் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இருந்தாலும் பிடி வெடித்திருந்தால் அதை மின் வேலைக்கு எடுக்காதீர்கள். பிடியில் டேப் சுற்றிச் சமாளிக்கவும் வேண்டாம்.

நல்ல இன்சுலேஷன் டேப் இரண்டு சுருள், 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக் இரண்டு, அவற்றுக்கான 3 ஆம்பியர், 13 ஆம்பியர் ஃபியூஸ்கள் சில, ஒரு டோர்ச். பிளக்கும் பேஸும் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸைத்தான் போட வேண்டும். சிகரட் பெட்டித் தாளையும் செம்புக் கம்பியையும் வைத்துச் சமாளித்தால் ஃபியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் வீடு எரியும்.

மல்டிமீற்றர் லயத்துக்கு ஒன்று தேவையில்லை. தோட்டக் கிளைக்கு ஒன்று போதும். பழகியவர் மட்டும் அதைக் கையாளட்டும். சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் விட்டபடி பிளக் பேஸுக்குள் முனையைக் குத்தினால் கையிலேயே வெடிக்கும்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய். இந்தக் கூலியில் ஒரு வீடு தனியாகப் பெட்டி வாங்குவது கஷ்டம். ஒரு லயம் வாங்கலாம். சீட்டுப் பிடிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து வீடு, வாரம் 100 ரூபாய், பத்து வாரம். 10,000 ரூபாய் சேரும். முதல் இரண்டு வாரக் காசில் டெஸ்டரும் டேப்பும் வாங்குங்கள். மிச்சத்தை ஒவ்வொன்றாக வாங்குங்கள். பில்லைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். பொதுக் காசுக்குப் பொதுக் கணக்கு வேண்டும்.

பெட்டி ஒரு வீட்டில் இருக்கட்டும், சாவி இருவரிடம் இருக்கட்டும். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துகிறோம். அயனையும் ரைஸ் குக்கரையும் தினமும் தொடுவது பெரும்பாலும் பெண்கள். உரசிய வயரை முதலில் காண்பதும் அவர்கள்தான். பறிப்புக்குப் போன ஆண்கள் திரும்பி வரும் வரை அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். கருவியைப் பிடிப்பதற்காக அல்ல, வாசித்துச் சொல்வதற்காக. சாதாரண தர விஞ்ஞான பாடத்தில் உயிர்க் கம்பி, நொதுமற் கம்பி, புவிக் கம்பி என்று படிக்கிறார்களே, அது பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. பிளக்குக்குள் மண்ணிறம் உயிர்க் கம்பி. அது ஃபியூஸ் பக்கம் போக வேண்டும். நீலம் நொதுமல். பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அது மேலே உள்ள பெரிய பின்னுக்குப் போகும். பழைய வயரிங்கில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல். கணக்கும் அவர்களுக்குத் தெரியும்: வாட்டை 230ஆல் பிரித்தால் ஆம்பியர். 2,000 வாட் கேத்தல் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் அயன் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டையும் மெல்லிய ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினால் அந்த வயர் அடுப்பாகிவிடும். பிள்ளை இதை எட்டாம் நம்பர் வீட்டு ஆச்சிக்குச் சொல்லிக் கொடுத்தால், படித்த படிப்பு அங்கேயே பலன் தந்துவிட்டது.

வீட்டுக்கு வெளியே இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பன்றிக்கு என்று வீட்டுக் கரண்டை வேலிக் கம்பிக்குக் கொடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது. அந்தக் கம்பிக்குப் பன்றி எது, விறகு பொறுக்கப் போன பிள்ளை எது என்று தெரியாது. யார் சொன்னாலும் அந்த வேலைக்கு நமது பெட்டியைத் திறக்கக் கூடாது. அடுத்தது பறிப்புத் தடி. மின் கம்பி போகும் வரிசையில் உலோகத் தடியை நிமிர்த்தக் கூடாது. மழையில் நனைந்த மூங்கிலும் கரண்டைக் கடத்தும். அந்த மரங்களில் பறிக்கச் சொன்னால், முதலில் மின்சார சபைக்கு அறிவித்துக் கம்பியில் கரண்டை நிறுத்துங்கள் என்று கேட்பது நமது உரிமை.

யாருக்காவது கரண்ட் அடித்துப் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய் அவரைப் பிடிக்காதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரத்தின் மேல் நின்று, காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். இது வீட்டுக் கரண்டுக்கு மட்டும். வெளியே பெரிய லைன் கம்பி என்றால் கிட்டவே போகக் கூடாது. ஆளை விடுவித்ததும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இந்த இரண்டு இலக்கங்களையும், 1987ஐயும் 1990ஐயும், பெட்டியின் மூடியில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கடைசியாகக் கொப்பி. பெட்டியிலேயே மலிவான பொருள் அந்த நாற்பது பக்கக் கொப்பிதான். திகதி, வீட்டு நம்பர், என்ன பழுது, யாரிடம் சொன்னோம், என்ன பதில் கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். சுவர்ப் பக்கப் பழுதைக் கடிதமாகவும் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். "லயத்தில் கரண்ட் பிரச்சினை இருக்கிறது" என்று பேச்சுவார்த்தை மேசையில் சொன்னால், பார்க்கலாம் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். எந்த வீட்டில், எந்தத் திகதியில், எத்தனை தடவை டிரிப் சுவிட்ச் விழுந்தது, எத்தனை கடிதம் கொடுத்தோம் என்று பக்கத்தைத் திறந்து காட்டினால் பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது. ஒரு லயத்தின் கொப்பி ஒரு முறைப்பாடு. பத்து லயத்தின் கொப்பிகள் ஒரு கோரிக்கை.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் நான்கு முடிவுகளை எடுப்போம். லயத்துக்கு ஒரு பெட்டி. சாவிக்கு இருவர், அதில் ஒரு பெண். எல்லா லயங்களிலும் வயரிங், எர்த், 30 மில்லிஆம்பியர் டிரிப் சுவிட்ச் ஆகியவற்றைத் தகுதிபெற்றவரைக் கொண்டு பரிசோதித்துத் தரும்படி நிர்வாகத்துக்கு எழுத்தில் கோரிக்கை. தோட்டத்துக்கு ஓர் இளைஞரையாவது, ஒரு யுவதியையாவது தொழிற்பயிற்சி அதிகார சபையின் மின் இணைப்பாளர் பயிற்சிக்கு அனுப்ப உதவி. தகைமைச் சான்றிதழோடு நம் பிள்ளை ஒன்று திரும்பி வந்தால், வயரிங் பாஸைத் தேடி நாம் டவுனுக்கு அலைய வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பிளக் பேஸ்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். மஞ்சளாகியிருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், கிட்டப் போனால் கருகல் வாடை வந்தால், அதில் எதையும் செருகாமல் விட்டுவிட்டு வீட்டு நம்பரை எழுதிக்கொண்டு வாருங்கள். கொப்பியின் முதல் பக்கம் அதிலிருந்து தொடங்கட்டும்.